என் மகன் கதவைப் பிடிக்கவில்லை

அனுப்புநர்:
லெனோர் ஹாஸ்கெட்,
மில் தெரு, மெர்ரோ ஃபால்ஸ், ஒஹாயோ.

பெறுநர்:
பள்ளிகளின் கண்காணிப்பாளர் அவர்கள்,
மெர்ரோ ஃபால்ஸ் கல்வி மாவட்டம்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒரு பயிற்சியை நீக்கவும், பள்ளியில் உள்ள ஒரு பெயர்ப் பலகையை அகற்றவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த காலின் என் மகன். அச்சம்பவம் பற்றி வெளிவந்த நூல் இவ்வாண்டு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. அதில் காலின், மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று நூலகக் கதவைத் தோளால் தாங்கி நிற்கிறான். அவனுடைய நண்பன் டஸ்டின் பிரூயிட் கதவை விட்டுவிட்டு ஓடுகிறான். நன்றாக எழுதப்பட்ட அத்தியாயம். ஆனால் நடக்காதது.

2. விசாரணை அறிக்கையின்படி இருவருமே நடைவழியில் ஓடினர். காலினுக்கு முதுகில் குண்டு பட்டது. கதவை எவரும் பிடிக்கவில்லை. நூலாசிரியரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "உங்க பையனை உயர்த்தித்தானே மேடம் எழுதியிருக்கேன்? ஒருத்தன் நிக்கணும்னா ஒருத்தன் ஓடணும். இல்லைன்னா காட்சி எடுபடாது" என்றார். நானும் இலக்கியம் படித்தவள். அவர் சொல்வது புரிகிறது. ஆனால் ஓடவிடப்பட்ட அந்த ஒருவன் உயிரோடு இருக்கிறான், தங்கள் பள்ளியில் படிக்கிறான்.

3. சென்ற மாதம் வகுப்பில் தரப்பட்ட பயிற்சித்தாள், இவ்விரு 'பாத்திரங்களின்' குணங்களை ஒப்பிடச் சொல்கிறது. டஸ்டினுக்கும் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. அதன்பின் அவன் எந்த வாசலைக் கடந்தாலும், "டேய் டஸ்டின், கதவைக் கொஞ்சம் பிடிடா! ஐயோ, உனக்குத்தான் அது வராதே!" என்கிறார்கள். இப்போது அவன் பள்ளிக்கு வருவதில்லை. என் வீட்டுக்கு வந்து, "காலின் எனக்கு முன்னாடி ஓடிட்டிருந்தான், மிஸஸ் ஹாஸ்கெட். இதை வெளிய சொன்னா அவன் பேரு கெட்டுடும். நான் சொல்ல மாட்டேன்" என்றான். ஆகவே நான் சொல்கிறேன்.

4. நூலைத் தடைசெய்யக் கோரும் பெற்றோர் என் கையெழுத்தையும் கேட்டனர், மறுத்துவிட்டேன். நூலகத்தில் அது இருக்கட்டும். பயிற்சியை நீக்கி, விசாரணை அறிக்கையின் அப்பகுதியை அதே வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். 'கதவைக் காத்தவன்' என்று என் மகன் பெயரோடு நூலக வாசலில் பதித்திருக்கும் பலகையை எடுத்துவிடுங்கள். பிறகு தாங்களே டஸ்டின் வீட்டுக்குச் சென்று அவனை அழைத்து வர வேண்டும்.

காலின் பயந்து ஓடினான். பதினைந்து வயதுப் பையன் வேறென்ன செய்வான்? இன்னும் வேகமாக ஓடியிருக்கலாமே என்பதைத் தவிர, அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
லெனோர் ஹாஸ்கெட்
(ஒப்பம்)

இடம்: மெர்ரோ ஃபால்ஸ்
நாள்: 14 நவம்பர் 2023