நாற்காலிக்கு எதிராக நான் பேசியது

அன்பு வாயாடிக்கு,

உன்னைப் பெற்ற பாக்கியம் என் அண்ணனுக்கு, வளர்த்த பாக்கியமும் உன்னிடம் வாதாடித் தோற்ற பாக்கியமும் எனக்கு, அந்த உரிமையில் உன் சித்தப்பன் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு அலையாமல், சுகமாக இருக்க வேண்டும். இப்போது வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் ஒருவரும் நம்பமாட்டாத ஒரு கதை வருகிறது. நீயும் நம்ப வேண்டாம். நம்பாமல் படித்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் சித்தியின் தம்பி பல்செட் கட்டியிருக்கிறான், போட்ட காசு வீணாகக் கூடாதென்று துக்க வீட்டில்கூடச் சிரிக்கிறான். மாடி வீட்டார் புதிதாக வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்கள், அது ஓட ஆரம்பித்தால் நம் வீடு குலுங்கிக் குலுங்கி இரண்டு தெரு தள்ளிப் போய் நிற்கிறது, சாயங்காலம் விசாரித்து விசாரித்துத்தான் வீடு வந்து சேர்கிறோம். சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரி செய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் சித்தி கடை வேலைக்குப் போய் வருகிறாள், அதே இரண்டாம் மாடி, அதே சட்டைத்துணிப் பிரிவு. கால் வலி என்று அவள் சொல்வதில்லை, வந்ததும் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்கிறாள், கெண்டைக்காலில் நரம்பு நீலக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தெரிகிறது, நான் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், உன் ஆபீசில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குப் போடுகிறார்களாம், எதில் போடுவதென்று நீயே தேர்ந்தெடுக்கலாமாம், சித்தப்பா உங்கள் கம்பெனி போல எனக்கும் ஒன்று சொல்லுங்கள் என்று. அதைப் படித்த அன்று நான் தரையில் நடக்கவில்லை. ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஏறுவதையும் இறங்குவதையும் தவிர வேறொன்றும் பார்க்காதவன், பங்கு விலையும் ஏறி இறங்குவதுதானே, எனக்குத் தெரியாததா என்று மார்தட்டித்தான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை உன் சித்தி வேலை பார்க்கும் கடையின் கம்பெனியிலேயே போட்டேன். நம்ம கடை, நம்ம பணம், வீட்டுக்குள்ளேயே சுற்றட்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நடுவில் பங்குதாரர் கூட்டம் வந்துவிட்டது.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா, மண்டபம் அவ்வளவு நீளம், மேடையில் கம்பெனித் தலைவர் சொன்ன வணக்கம் என் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருந்தது. ஏசி போட்ட போட்டில் பனிக்கரடி வந்திருந்தால் போர்வை கேட்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் மெத்தை வைத்த நாற்காலி, உட்கார்ந்தால் இடுப்புவரை விழுங்கிவிடுகிறது. வாசலிலேயே ஆளுக்கொரு பையில் ஃப்ளாஸ்க் வைத்துக் கொடுத்தார்கள், நான் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன். லாபத்தைப் பற்றி எல்லாம் பேசி முடித்த பிறகு வயதான அம்மா ஒருவர் எழுந்தார், ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவராம், நம் கம்பெனி தேர்தலுக்கு யார் யாருக்குப் பணம் கொடுக்கிறது என்பதை வருஷா வருஷம் பங்குதாரர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வளவுதான் கேட்டார், கொடுக்காதே என்றுகூடச் சொல்லவில்லை.

மைக் என் பக்கத்தில் இருந்தது. அதுதான் வினை. ஓய்வு பெற்றதிலிருந்து உன் சித்தியையும் பால்காரரையும் விட்டால் என் பேச்சைக் கேட்க ஆளில்லை, பால்காரரும் இப்போது பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டு ஓடிவிடுகிறார். எழுந்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, பால் கறக்கிறதா, கறந்து குடிப்போம், அது எங்கே போய் மேய்கிறது என்று பின்னாலேயே ஓடுவதா நமக்கு வேலை என்று ஆரம்பித்து, ஏற்ற இறக்கத்தோடு, கையை வீசி வீசிப் பேசினேன். கைதட்டலில் கூரை விளக்கு ஒன்று கழன்று தொங்கியது. தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அந்த ஆட்டலில் நான் ஒரு முழம் வளர்ந்துவிட்டேன். ஓட்டெடுப்பில் எதிர்த்துக் கையைத் தூக்கினேன், செல்லும் என்று சொல்லியிருந்தால் காலையும் தூக்கியிருப்பேன். தீர்மானம் தோற்றது. தோற்கடித்தது நான் ஒருவனே என்று நினைத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வந்தேன்.

வெளியே தண்ணீர் வைத்திருந்த இடத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். நல்லாப் பேசினீங்க சார், ஆனா அது தானமா வந்த மாடு இல்ல, நீங்க காசு குடுத்து வாங்கின மாடு, அது ஊரான் பயிர்ல மேஞ்சா பஞ்சாயத்துல நீங்கதான் நிக்கணும் என்றார். எந்தப் பயிரம்மா என்று நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு ஆளில்லாத நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வர இருந்ததாம். நம் கம்பெனி கடைமுதலாளிகள் சங்கத்துக்குப் பெரிய சந்தா கட்டியது, சங்கம் அதை வேட்பாளர்களுக்குத் தேர்தல் செலவுக்குக் கொடுத்தது, ஜெயித்து வந்தவர்கள் அந்தச் சட்டத்தை ஆராய வேண்டும் என்று மூலையில் போட்டுவிட்டார்கள், கம்பெனி கணக்கில் பார்த்தால் சங்கச் சந்தா என்று மட்டும்தான் இருக்கும் சார், அதுக்குத்தான் கேட்டேன் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, உங்க வீட்ல யாராவது கடையில வேலை செய்றாங்களா என்று கேட்டார். இல்லைம்மா என்று சொன்னேன். வாய் கூசவில்லை. வாயாடி, எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், மாடி வீட்டாரிடம் நான் புலியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறேன், அவை எல்லாம் கேட்பவர் சிரிப்பதற்கு. இது நான் தப்பிப்பதற்கு.

வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் ஃப்ளாஸ்கைக் கொடுத்தேன், கூட்டம் எப்படி என்றாள், நல்லா இருந்துச்சு என்றேன். அவள் காலைச் சுவரில் ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, தொண்டையில் நாற்காலி ஒன்று குறுக்கே கிடந்தது. அவள் லீவாக இருந்த ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்று அந்த நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவே இல்லை. தெரியும் என்றாள். எங்க மாடியில பெரிய டிவில அந்தக் கூட்டத்தைப் போட்டாங்க, பங்குதாரர் ஒருத்தர் கம்பெனிக்காக எவ்வளவு அழகாப் பேசறார் பாருங்கன்னு மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சார், முடிஞ்சதும் கை தட்டச் சொன்னார், தட்டினோம் என்றாள். பக்கத்துல நின்ன பொண்ணு, யாருக்கா இந்த ஆளுன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லிட்டேன் என்றாள். பிறகு, டிவியில் என் சட்டைக் காலர் மடங்கியிருந்தது என்றாள்.

எல்லாப் பங்கையும் நாளைக்கே விற்றுவிடுகிறேன் என்று நான் குதித்தேன். ஆமா, வித்துட்டு வீட்ல உக்காந்து புலம்புங்க, வித்தவனை அந்த வாசல்ல விடுவாங்களா, அடுத்த வருஷமும் போங்க, போய் இதே வாயால பேசுங்க, வாய் மட்டும் நல்லாத்தானே இருக்கு என்றாள். மறுநாள் ஆடிட்டர் அம்மாவைத் தேடிப் போனேன். என் மனைவி நம் கம்பெனிக் கடையில்தான் நிற்கிறாள் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், உட்காருங்க சார் என்றார், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை அவரோடு சேர்ந்து நானும் கொண்டுவருகிறேன். எங்களோடு கையெழுத்துப் போட இன்னும் பங்குதாரர்கள் வேண்டும் என்று, இதே கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் என் பழைய லிஃப்ட் சகாக்களிடம் போய்க்கொண்டிருக்கிறேன், ஒருவன் கேட்டான், ஏண்ணே, லாபம் குறையுமா என்று. குறையலாம்டா என்றேன், அவன் கதவைச் சாத்திக்கொண்டான், போன மாதம் வரை நானும் அந்தக் கதவுக்குள்தான் இருந்தேன், அதனால் கோபம் வரவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். என் கம்பெனி போல ஒன்று என்னிடம் கேட்காதே, சொல்ல எனக்கு முகமில்லை. பணத்தைக் கட்டாயம் போடு, வயதான காலத்தில் யார் கையையும் பார்த்து நிற்காதே, ஆனால் என்னைப் போல மொத்தத்தையும் ஒரே கடையில் கொண்டுபோய்க் கொட்டாதே. உன் பணத்தை நிர்வகிக்கிற நிதிக்காரர்களிடம் ஒன்று கேள், கம்பெனிக் கூட்டங்களில் என் பேரில் ஓட்டுப் போடுவது யார், தேர்தல் பணத்தைப் பற்றித் தீர்மானம் வந்தால் எந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்று. ஒருத்தரும் இதைக் கேட்பதில்லையாம், ஆடிட்டர் அம்மா சொன்னார். பதில் வராவிட்டால் மறுபடி கேள், உன் வாய்க்கு அந்த ஊரில் வேறு என்ன வேலை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எதில் வேண்டுமானாலும் போடு, என்னைப் போல மேய்ச்சல் தெரியாமல் பால் குடிக்காதே.

நீ நீண்ட ஆயுளோடும், நல்ல காலோடும், உட்கார நினைத்தபோது உட்காரும் வாழ்க்கையோடும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் பண்ணு, கடையைப் பற்றி நீயாகக் கேட்காதே, கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
தலை குனிந்தபடி எழுதியதால் எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள்,
உன் சித்தப்பா.

பின்குறிப்பு: வீடு தெரு தாண்டியது, விளக்கு கழன்றது, பனிக்கரடி எல்லாம் என் சொந்தச் சரக்கு. தலைவர் தலையாட்டியதுகூட எனக்காகவா தூக்கத்திலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரியலன்னு சொல்லிட்டேன் என்று உன் சித்தி சொன்ன அந்தச் சின்ன இடம் மட்டும் முழுக்க நிஜம், அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.