மேரி அக்காவின் நிரை

சனிக்கிழமை, இரவு.

நாளை அறுப்பின் பண்டிகை. எங்கள் தேவாலயப் பாடகர் குழு முதன்முறையாக இரண்டு குரல்களில் பாட வேண்டும். நாங்கள் சுரத்தில் மேலே ஏறும்போது மேரி அக்கா கீழே இறங்க வேண்டும். இன்றைய பயிற்சியிலும் எங்களோடு ஏறிவிட்டார். ஒரு குரலின் ஒரு சுரத்துக்கு மறு குரலில் ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று, இரு குரல்களை இணைக்கும் கவுண்டர்பாயிண்ட் வகைகளைப் பலகையில் எழுதிக் காட்டியும் பயனில்லை. ஒரே குரலில் பாடிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள், தேயிலைத் தோட்டத்தில் அக்காவுக்கு அடுத்த செடி வரிசையில் கொழுந்து பறிக்கும் செல்வி அதட்டினாள். "ஏக்கா, கொழுந்து எடுக்கையில என் நெரைச் செடியில கை வச்சா உனக்கே அசிங்கம்ல? பாட்டுல மட்டும் ஏன் என் நெரைக்கு வர்ற?"

"அடிப்பாவி, இதுவும் நெரைதானா! டீச்சரு மொதல்லயே சொல்லக்கூடாதா?"

அடுத்த முறை அக்கா அசராமல் இறங்கினார். கடைசிச் சுரத்தில் சரியாக வந்து சேர்ந்தார்.

இப்போது வீட்டில் தனியாக, மேலே ஏறும் என் பகுதியைப் பாடிப் பார்க்கிறேன். என் வாய்தான் அக்காவின் நிரைக்குள் போகிறது.