உன் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது

சேலையூர்
20.07.2025

அன்பு மகள் சினேகாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். டப்ளினில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன், ஆனாலும் பதிலை உன் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. புதன்கிழமை நீ போன் செய்து, "உனக்கு என்னம்மா ஆச்சு, டாக்டரைப் பாத்தியா" என்று அழாத குறையாகக் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே நின்றார், அதனால் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா வயதுக் கோளாறில் விடியற்காலையில் நீச்சல் குளத்துக்கு ஓடுகிறாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஓடுவது உண்மை, கோளாறு எனக்கில்லை. நம் சபைப் பெண் ஒருத்தி அடுத்த வாரம் அங்கே வருகிறாள், பருப்புப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே அவர் திருத்தம் சொல்வார்.

நீ இருந்த காலத்தில் ஞாயிறு மட்டும்தான் தூண்டில். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்குமே, அது இன்னும் கேட்கிறது. இப்போது அதோடு ஷிப்ட் முடிந்த நாளெல்லாம் நேராக மாடம்பாக்கம் ஏரிதான். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் மண்புழு டப்பா இருக்கிறது, மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார், தொடுவதற்கு இங்கே யார் துடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் ஒரு நாள் போன் பக்கெட்டில் விழுந்துவிட்டது என்று அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். ஆனால் பர்ஸும், பர்ஸுக்குள் இருந்த லைசென்ஸும்கூட ஈரமாக இருந்தன, இரண்டிலும் பாசி. எந்தப் பக்கெட்டில் பாசி இருக்கிறது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் டெனிஸின் மனைவி தீபா என்னைப் பிடித்துக்கொண்டாள். டெனிஸ்தான் அப்பாவோடு ஏரிக்குப் போகிறவர். "அக்கா, அண்ணனுக்கு இப்ப பரவால்லயா? நல்ல வேளை, அன்னிக்கி இவரு லுங்கி கட்டிக்கினு போனாரு. பேண்ட்டு போட்டுக்கினு போயிருந்தா அண்ணனை இன்னாத்த வீசி இழுத்திருப்பாரு?" என்றாள். அப்பா மதகுப் படியில் வழுக்கி ஆழத்தில் விழுந்திருக்கிறார். டெனிஸுக்கும் நீச்சல் தெரியாது, லுங்கியை அவிழ்த்து வீசியிருக்கிறார். "ஒரு கைல லுங்கி, இன்னொரு கைல தூண்டில் குச்சி. அதை உடுங்கண்ணான்னு இவரு கத்துறாரு, அண்ணன் உட மாட்டேன்னுட்டாரே!" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று மதியம் நேராகக் கேட்டுவிட்டேன். "நாலடித் தண்ணிதான், தீபா பெருசா சொல்லுவா" என்றார். நாலடித் தண்ணீரில் லுங்கி எதற்கு என்று கேட்டேன். தூண்டிலை ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, பெரிய விரால் மாட்டியிருந்ததாம், நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். அந்த விராலைப் பற்றிச் சொல்லும்போதுதான் முகத்தில் வருத்தமே தெரிந்தது, சினேகா. ஏரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துகிறேன் என்று அவரே சத்தியம் செய்தாலும் நம்புகிறவள் நான் இல்லை. நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். கேம்ப் ரோடு பக்கம் ஒரு குளத்தில் பெரியவர்களுக்கான ஆண்கள் வகுப்பில் பேரும் கொடுத்தேன். முதல் நாள் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார், பக்கத்து வகுப்புப் பொடிசுகள் எல்லாம் "அங்கிள், குதிங்க" என்று கேலி செய்தார்களாம். இரண்டாம் நாள் நீச்சல் உடை வைத்துக் கொடுத்த பையோடு ஏரிக்குப் போய்விட்டார்.

அதனால் பெண்கள் வகுப்பில் நான் சேர்ந்துவிட்டேன். முழங்கால்வரை மூடிய உடைதான், ஆனாலும் முதல் நாள் துண்டைப் போர்த்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன், திரும்பி வந்துவிடலாம் என்றும் பார்த்தேன். மிதத்தல் விதியை இருபது வருடம் கரும்பலகையில் எழுதியவள், என் உடம்பு மிதக்கும் என்று மட்டும் நம்ப முடியவில்லை. கற்றுக்கொடுக்கிற சுபத்ரா உன் வயதுப் பெண். "மேடம், தண்ணிய சந்தேகப்படாதீங்க, அது பாட்டுக்குத் தூக்கும்" என்கிறாள். இப்போது பாதிக் குளம்வரை போகிறேன். இன்னொருவரை இழுத்து வருவதற்கு மழைக்காலம் ஆகிவிடும் என்கிறாள், அப்போது ஏரியும் நிரம்பிவிடும், அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

"நீ கத்துக்கிட்டு என்ன பண்ணப் போற" என்று அப்பா கேட்டார். உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறேன் என்றேன். விளையாட்டுக்கு என்று நினைத்தார். நேற்று மாலை விடைத்தாள் கட்டோடும் நீளமான நைலான் கயிற்றோடும் மதகு மேலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். டெனிஸ் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வில்பிரட்ணே, டீச்சர் வந்ததுல மீனுங்கல்லாம் லீவு போட்டுட்ச்சி" என்றார். அப்பாவுக்கு அவமானம். நாளையும் போவேன், அவர் போகிற நாளெல்லாம் போவேன். பள்ளியிலும் சொல்லிவிட்டேன், மாலை ஸ்பெஷல் கிளாஸ் இனி என்னால் முடியாது.

இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணிக்குள்ள கண்ணைத் தெறந்தா எரியுமா" என்று கேட்டார். எரியும் என்றேன். இரண்டடி போய் நின்று, அந்த ஆண்கள் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஐந்தரைக்கு என்றேன்.

அங்கே குளிர் வருவதற்குள் நல்ல காலணியாக வாங்கிக்கொள், வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா போன் செய்தால் மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள், நீச்சலைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. தான் குளத்தில் இறங்கப் போவது மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வீம்புக்கென்றே கரையில் நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா