மேற்கு வெயிலுக்குக் கட்டிய படுதா

இராயபுரம்
3-8-1957

அன்புத் தம்பி அமானுல்லாவுக்கு, அண்ணன் ஹனீப் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு நலம். பரீதாவும் பிள்ளைகளும் நலம்தானே?

சென்னையில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து என் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். ஆளும் இல்லை, மரமும் இல்லை, இது என்ன படம் என்று சிரித்தவர்களே இப்போது தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு இது போதும். பழைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உன் நிக்காஹுக்குக் கொடுத்ததை அனுப்புவாயா? இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

ஹனீப்


பொன்னேரி
9-8-1957

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். இருபத்தெட்டு வருடத்தில் நீங்கள் என்னிடம் முதன்முதலாகக் கேட்பது, நீங்களே கொடுத்த பொருளை.

இருக்கிறது. கடை வாசலில், மேற்கு வெயிலுக்குப் படுதாவாகக் கட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்ததல்ல. கடையை ஏற்க வேண்டிய மூத்தவர், 'படம் எழுதப் போகிறேன்' என்று ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனார். இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறி பி.ஏ. சேர்ந்திருந்த என்னை வாப்பா இழுத்து வந்து, கயிற்றுச் சுருளுக்கும் வலை நூலுக்கும் நடுவே உட்கார வைத்தார். ஆறு வருடம் கழித்து நிக்காஹுக்கு நீங்கள் கொண்டுவந்தது, பாய்மரத் துணியில் நீலமும் துருச் சிவப்புமாக ஒரு பெரிய கறை. கல்யாண வீடே சிரித்தது. மறுநாளே வாசலில் கட்டினேன். கப்பல் பெயிண்ட் அல்லவா, இருபத்திரண்டு மழைக்கும் உரியவில்லை.

மீன்காரக் கன்னியம்மா இன்றும் கேட்கிறாள்: "இன்னா பாய், பெயிண்ட் டப்பாவக் கவுத்துட்டு அதையே பரிசாக் குடுத்துக்கினு போய்ட்டாரா உங்க அண்ணன்?"

தருகிறேன். ஆனால் நீங்கள் போனது தவறு என்று உங்கள் கையால் ஒரு வரி எழுத வேண்டும்.

அமானுல்லா


இராயபுரம்
13-8-1957

தம்பி,

படுதாவானது எனக்குத் தெரியும். பழவேற்காட்டு பஸ் உன் கடைக்கு எதிரில்தானே நிற்கிறது. வருடம் ஒரு தடவை அங்கே உம்மாவை அடக்கிய கபருக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இறங்கத் தைரியம் வந்ததில்லை. ஒரு தடவை பக்கத்தில் இருந்தவர், "அதோ வர்ணப் படுதா கட, அங்கதான் எறங்கணும்" என்று தன் சம்சாரத்தை எழுப்பினார். அன்று சந்தோஷத்தில் எனக்குப் பசிக்கவே இல்லை. என் படங்களில் ஜனங்கள் தினமும் பார்த்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் அறையில் சுவரைப் பார்த்து நின்றன; பழையவை அப்படியே செல்லரித்துப் போயின.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். போனது தவறு என்று எழுதினால் அது பொய். உன்னைக் கேட்காமல் உன் படிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். அது தவறு. படம் தராவிட்டாலும் இந்த வரி உன்னிடமே இருக்கட்டும்.

ஹனீப்


பொன்னேரி
26-8-1957

அண்ணன் அவர்களுக்கு,

நான் கேட்ட வரி இதுவல்ல. பரீதாவிடம் படித்துக் காட்டினேன். "கேட்டதவிட ஜாஸ்தியாத்தானே குடுத்துக்கிறாரு, இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். பத்து நாள் யோசித்தேன், அவ்வளவுதான்.

இன்று நம் கடை ஆதிகேசவன் ஏணி போட்டு அவிழ்த்தான். அடியில் மூங்கிலோடு சுற்றிக் கிடந்த ஒரு முழம் வெயிலே படாதது. அதைப் பிரித்ததும், "யப்பா, இன்னா நீலம் பாய் இது!" என்று உட்கார்ந்துவிட்டான். நிக்காஹ் அன்று அந்த நீலத்தை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. மற்றவர்கள் சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனே நாளை ரயிலில் கொண்டுவருவான். நான் வருவதற்கில்லை. கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி நம் வீட்டுக்குப் புதிதல்ல.

அமானுல்லா


இராயபுரம்
8-9-1957

அன்புத் தம்பி,

நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வெளுத்த பகுதியும் வெளுக்காத அந்த ஒரு முழமும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கத்தான் கூட்டம். "வெயிலைக் கொண்டே எழுதியிருக்கிறீர்கள்" என்றார் ஒருவர். "அந்த வேலை என் தம்பியுடையது" என்றேன். வாங்கிக்கொள்ளக் கேட்டார். கடைக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லட்டும்?

ஹனீப்


பொன்னேரி
11-9-1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். விற்கக் கூடாது. வாசலில் இப்போது கோணி தொங்குகிறது. நேற்று சோழவரத்து வாடிக்கைக்காரர் இருவர் கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அதையே கட்டு பாய், இது பாக்க சகிக்கல" என்றாள். எனக்கும்தான்.

வெயில் எனக்குக் கண்ணில் அடிக்கிறது. கண்காட்சி முடிந்ததும் நீங்களே கொண்டுவந்து கட்டுங்கள். இந்தத் தடவை பஸ் நின்றதும் இறங்குங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

தம்பி
அமானுல்லா