செல்வியின் லாகின்

செவ்வாய்க்கிழமை.

தீப்பெட்டி ஆபீஸ் சர்வரில் ஓர் ஓட்டை இருக்கிறது. சாதாரண லாகினில் நுழைகிற எவரும் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். திருத்தத்தை ஏற்றிவிட்டேன், ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அது வேலை செய்யும். போன தடவை அணைத்தபோது இரண்டு நாள் எழவில்லை என்று முதலாளி விடவில்லை.

அவர் நம்பட்டும் என்று, லேபிள் பிரிவு செல்வியின் லாகினில் நுழைந்து, முதலாளி கண்முன்னே அவருடைய லாகினையே பூட்டிக் காட்டினேன்.

“செல்வியா இப்படிச் செய்யுதா?”

“அவ இல்ல அண்ணாச்சி. யாரு வேணாலும் செய்யலாம். சர்வரத்தான் சரி பண்ணணும்.”

“சர்வர் ஓடட்டும்லே. அவள நாளையிலருந்து வரவேண்டாம்னு சொல்லிருதேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் எட்டயபுரம் பஸ்ஸுக்கு நின்ற செல்வி, “நான் என்ன சார் செஞ்சேன்?” என்று கேட்டாள்.

சர்வர் அணையாமல் ஓடுகிறது. ஓட்டையும் அப்படியே இருக்கிறது. அவள் லாகினை அழிக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் போனதும் அதைத்தான் செய்ய வேண்டும்.