நீ பார்க்காத சமையலறை

பக்கத்து வீட்டில் யாரோ வெண்ணெய் தடவி ரொட்டி வாட்டுகிறார்கள். ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்ததும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டேன். ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் அதே மாடி வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். அன்றைக்கு நம் சமையலறையில் என்னவெல்லாம் இருந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்ல வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாலு பேர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன், தனியாக இருக்கும்போது ‘நீ’. இப்போது நாம் மட்டும்தானே.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் அது. அமெரிக்காவில் பொழுது விடியும்போது நீ ஹைடெக் சிட்டியில் கணினி முன் உட்கார வேண்டும். நானோ காலையில் லாலாகுடா பள்ளிக்கு ஓட வேண்டும். உன் கம்பெனி வண்டி உன்னை வாசலில் இறக்கும் நேரம் நான் புடவை மடிப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருப்பேன். தட்டில் என்ன வைத்தாலும் பாதிக் கண் மூடியபடி சாப்பிடுவாய். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “சூப்பர், டீச்சர்.” நான் செருப்பு மாட்டும்போது நீ தூங்கியிருப்பாய். மாலையில் நான் திரும்பும்போது நீ சவரம் செய்துகொண்டிருப்பாய். ஒரே கட்டிலில் இரண்டு பேர் முறை வைத்துப் படுத்து எழுந்தோம்.

ஒருமுறை கம்பெனி உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பியது. திரும்பி வந்து நீ சொன்னது பனியைப் பற்றியோ பெரிய கட்டடங்களைப் பற்றியோ அல்ல.

“ஹோட்டல்ல கட்டிலுக்கே டிஃபன் கொண்டுவந்து வைக்கிறான், டீச்சர். குட்டியா கால் வச்ச பலகை. அதுல காபி, ரொட்டி, முட்டை, ஒரு பூ வேற. தனியா உக்காந்து சாப்பிட்டேன். தொண்டைல இறங்கல.”

“பல்லு விளக்காம படுக்கைலயா? நோயாளிங்கதான் அப்படிச் சாப்பிடுவாங்க.”

“ஒரு நாள் நாமளும் நோயாளியா இருந்து பாப்போம்,” என்று சிரித்தாய்.

அதை நான் மனத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வெள்ளி இரவு வேலையை முடித்து நீயும் வந்துவிடுவாய். அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டு வரும் வழியில் ஒவ்வொன்றாக வாங்கினேன். தார்நாகா பேக்கரியில் கனமாக வெட்டச் சொன்ன ரொட்டி. உப்புப் போட்ட வெண்ணெய். சீஸ் என் கையால் வாங்கியது அதுதான் முதல்முறை. செகந்திராபாத்தில் வரிசையில் நின்று கண் முன்னால் அரைத்து வாங்கிய காபித்தூள். கால் வைத்த பலகை எங்கும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் படுக்கையில் வைத்துப் படிக்கும் மடக்கு மேசை ஒன்றைக் கோட்டி கடைத்தெருவில் பிடித்தேன். கடைசியாக, சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டப்பா ஸ்ட்ராபெரி. அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நானே கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

சனிக்கிழமை தலை குளித்து, டிகாஷன் இறக்கி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தேன். வெங்காயம் நறுக்கும்போது தொலைபேசி அடித்தது. நீதான் என்று எடுத்தேன். ஒரு போலீஸ்காரர் தெலுங்கில் பேசினார். உன் பெயரைச் சொல்லி, நான் உன் மனைவியா என்று கேட்டார். நின்றுகொண்டிருந்த லாரியில் வண்டி மோதியிருக்கிறது. ஓட்டுநர் கண் அசந்துவிட்டாராம். அவரும் இரவெல்லாம் விழித்தவர்தானே.

கீழ் வீட்டு கமலா ஆன்ட்டிதான் என்னோடு மருத்துவமனைக்கு வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ‘வேண்டாம்’ என்பது அவர் வாயில் அந்த ஊர் உருது ‘நக்கோ’வாகத்தான் வரும். உன் முகத்தை முழுதாகப் பார்க்க அவர் என்னை விடவில்லை. “பாக்க நக்கோம்மா, பாக்க நக்கோ,” என்று என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். உன் கையை மட்டும் பார்த்தேன். கம்பெனி அட்டையின் நாடா விரல்களில் சுற்றியிருந்தது.

மறுநாள் நிலக்கோட்டையிலிருந்து அத்தையும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். அன்றே தகனம். அதற்கடுத்த காலை ஆண்கள் எலும்பு பொறுக்கப் போயிருந்தார்கள். நான் அந்தப் புது விரிப்பின் மேல்தான் கிடந்தேன். அத்தை தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். வெகுநேரம் கதவு மூடும் சத்தம் கேட்கவில்லை.

“ஏத்தா, இம்புட்டும் யாருக்கு வாங்கி வச்சே? விருந்தாளி யாரும் வர்றதா இருந்துச்சா?”

“உங்க பிள்ளைக்குத்தான் அத்தை.”

அவர் வாய்க்குள்ளேயே அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ரொட்டி, சீஸ், ஸ்ட்ராபெரி எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பால்கனிச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார். கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காக்கை வந்தது. ரொட்டியைத் தின்றது, சீஸைக் கொத்திக்கொண்டு போனது. பழத்தை மூக்கால் உருட்டிவிட்டு அப்படியே விட்டது.

அத்தை ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தார். “புளிக்குது. அதான் தொடல. எம்புள்ளைக்குச் சின்னதுல இருந்தே புளிப்பு ஆகாதுல்ல.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “ஆகாதா?”

“ஒனக்குத் தெரியாதா தாயி? ரசங்கூட ஊத்த விட மாட்டானே.”

எத்தனை காலை உனக்குப் புளியோதரை போட்டிருக்கிறேன்! எத்தனை வத்தக்குழம்பு! அத்தனைக்கும் நீ ‘சூப்பர்’ சொல்லியிருக்கிறாய். போலீஸ்காரர் கேட்டபோதும், உன் கையைப் பார்த்தபோதும், தீ மூட்டியபோதும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அத்தை பயந்துபோய், கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து என் வாயில் திணித்தார். “தின்னு. அவனுக்கு வாங்குனது. தின்னுத்தா.” அழுகையோடு அதை விழுங்கினேன். உன் அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த வாயை ஊட்டினார்.

ஊருக்கு வந்துவிடு என்றார்கள். நான் போகவில்லை. ஆனால் வாரம் தவறாமல் அத்தையிடம் தொலைபேசியில் பேசுகிறேன். உன்னைப் பற்றி எதையாவது கேட்பேன். அவரும் யோசித்து யோசித்துச் சொல்வார். பாலாடையைக் கண்டால் ஓடுவாயாம். முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைத் தம்பி தட்டில் போடுவாயாம். காய்ச்சல் வந்தால் மட்டும் கருப்பட்டிக் காபி கேட்பாயாம்.

நீ இருந்தபோது தெரியாத எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். இன்றைக்கு நீ பசியோடு வந்து நின்றால், உன் முகம் சுளிக்காதபடி ஒரு வேளை சமைத்துப் போட என்னால் முடியும். உபயோகமில்லாத இந்தப் படிப்பைத்தான், நீ போன பிறகு படித்து முடித்து, சுமந்துகொண்டிருக்கிறேன்.