லேகியத்துக்குள் பொதிந்த மாத்திரை

பக்கத்து வீட்டில் லேகியம் கிண்டுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். சுக்கும் பூண்டும் கருப்பட்டிப் பாகில் வேகும் வாசம் என் அடுக்களை வரை வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். பிறகு திறந்துவைத்து, இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் சந்தித்தது கூட்டு மருந்து வாங்கும் வரிசையில். இருவர் இரத்தத்திலும் எச்.ஐ.வி., இருவர் வயிற்றிலும் ஏழு மாதப் பிள்ளை. அந்த வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மாவட்டத்தில் இவ்வளவு நாகரிகமான வரிசை வேறு கிடையாது. நீ மட்டும் திரும்பி, "ஏட்டி, ஒனக்கு இது தலைப்பிள்ளையா?" என்று கேட்டாய். பயந்துபோய் என் பெயரை மாற்றிச் சொன்னேன். நீ உன் உண்மைப் பெயரைச் சொல்லி, கடியப்பட்டணத்தில் எந்தத் தெரு என்பது வரை சொன்னாய்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். இந்தக் கிருமி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆனாலும் மகன் பிறந்த அன்று அவனை மார்போடு சேர்க்கக் கை வரவில்லை. மருந்தை விடாமல் சாப்பிட்டு, தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொன்னார் செவிலி. அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பாலைத்தான் கொடுக்கவில்லை. முந்தின நாள் பெற்று அடுத்த கட்டிலில் கிடந்த நீ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாய்.

"படிச்சவளுக்குப் பயம் கூடுதலாக்கும். அவன் ஒனக்க பாடம் கேக்கவா வந்திருக்கான்? பசிச்சு அழுவுதான். எடு."

எடுத்தேன்.

நம் ஊரில் பெற்றவளுக்கு நாற்பத்தோரு நாளும் எல்லாம் கிடைக்கும். இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்க் குளிப்பு, வயிற்றுக்குக் கட்டு, வேளைக்கு லேகியம், கட்டிலருகே ஓர் ஆள் காவல். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு நிமிடம் மட்டும் கிடைக்காது. தினம் ஒரு மாத்திரை விழுங்க எனக்கும் உனக்கும் வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். எனக்கு என் கணவர் வாசலில் நின்றார். உன் கணவர் ஆழ்கடலில் நின்றார்.

நீ வழி கண்டுபிடித்தாய். பால் கொடுக்கும் சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பி, மாத்திரையை ஒடித்து லேகிய உருண்டைக்குள் பொதிந்து, மாமியார் கண்ணெதிரே விழுங்கினாய். "பாத்தியளா, எனக்க மருந்துக்க குணம்" என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் உன் கன்னத்தைக் காட்டியதைப் போனில் சொல்லிச் சிரித்தாய்.

நாற்பத்தோராம் நாள் லேகியம் தீர்ந்தது.

அதன் பிறகு மருந்து மையத்தில் பார்க்கும்போதெல்லாம் செவிலி உன்னிடம் பிள்ளையின் எடையைக் கேட்டார். பிள்ளைக்கான சொட்டு மருந்தைக் கேட்டார். நானும் பிள்ளையைத்தான் கேட்டேன். நீ ஒன்றுக்கும் பொய் சொல்லவில்லை. உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. உன் மகளுக்கும் இல்லை, என் மகனுக்கும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று இருவரும் அழுதோம்.

அடுத்த வருடம் காசநோய் வார்டில் உன்னைப் பார்த்தேன்.

"பாதி நாளும் மாத்திர விட்டுப்போச்சு மக்கா. ஒத்த முறி வீடுல்லா, எல்லாரும் அதுக்குள்ளதான். கதவச் சாத்தினா ஏன்னு கேப்பாவ."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"வாய் மாறி வீட்டுல தெரிஞ்சா பிள்ளைய எனக்க கையில தரமாட்டாவ. அது மட்டும் எனக்குத் தாங்காது."

அடக்கத்தன்று உன் மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார். "நாப்பத்தியொண்ணு கழிஞ்ச பிறவு மருந்து தின்ன மாட்டேன்னுட்டா. இன்னும் ஒரு மாசம் தாறேன்னேன். கடன் வாங்கிக் கிண்ட வேண்டாம் மாமின்னா. அதாக்கும் எனக்க பிள்ள போனா." உன் நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே இருந்தவர்களில் உண்மையான காரணத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இன்று என் மகன் என் தட்டிலேயே உண்கிறான். அவனை முத்தமிடுமுன் நான் எதையும் யோசிப்பதில்லை. அது நீ கொடுத்தது. பஸ் நிறுத்தத்தில் நீ மகளைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரை சரிந்து போனதைப் பார்த்தேன். பரவும் வழிகளையெல்லாம் பாடமாக நடத்துகிற நான், அது என்ன மெலிவு என்று கேட்காமல், "மெலிஞ்சு கொள்ளாமே" என்று பாராட்டினேன். நீ வெட்கப்பட்டாய். அந்தப் பாராட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.